ஜக்கம்மாள் கண்ட கடற்பசு

போடியில் ஒரு பெண்கள் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில் எட்டு வருஷம் அட்டெண்டராக இருந்தவள் ஜக்கம்மாள். அந்த வேலை அவளைத் தேடி வந்ததல்ல. அவள் புருஷன் காசிமாயன் பார்த்த வேலை அது. எழுபத்தாறாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏலக்காய் ஸ்டோரில் ஒருநாள் சோலி கிடைத்திருக்கிறது என்று போடிமெட்டுக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனவன், வளைவில் ஜீப்பு உருண்டு செத்துப்போனான். பள்ளி நிர்வாகத்தார் இரக்கப்பட்டு அவன் இடத்தில் அவளைப் போட்டார்கள். ராசிங்காபுரத்தில் அவன் பங்குக்கு இருந்த தோட்டத்தை, பிள்ளையில்லாதவளுக்கு நிலம் எதற்கு என்று சொல்லிக் கொழுந்தன் சின்னச்சாமி உழுதுகொண்டான். அவள் சண்டைக்குப் போகவில்லை. பள்ளிக்குப் பின்தெருவில் ஓர் ஒற்றை அறையைப் பிடித்து, முப்பத்தொரு வயதில் தனியாக இருக்கப் பழகிக்கொண்டாள்.

எழுபத்தெட்டில் அது மேல்நிலைப் பள்ளி ஆனபோது, சென்னையிலிருந்து வைக்கோல் சுற்றிய மரப்பெட்டிகளில் கண்ணாடி ஜாடிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் பார்மலின் தண்ணீரில் ஊறிய ஓர் உயிர். நட்சத்திர மீன், கடல் குதிரை, கடல் அட்டை, சுறாக்குட்டி, திருக்கை. எல்லாம் ஒரே நிறம், வேகவைத்து ஆறிய கிழங்கின் நிறம். அவற்றைத் துடைப்பதும், தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதும், பாடத்துக்கு எடுத்து வைப்பதும், புதிதாகச் சேரும் உயிர்களுக்கு ஊசியால் பார்மலின் ஏற்றுவதும் ஜக்கம்மாளின் சோலி. பார்மலின் பட்டு விரல் நுனியெல்லாம் உரிந்து கிடக்கும். அதன் நெடி கண்ணைக் கரிக்கும்.

அஞ்சாம் வகுப்புப் படித்தவள். லேபிளில் இருந்த இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் வகுப்பு நடக்கும்போது பின்சுவரோரம் நின்று நின்று, எதற்கு எத்தனை கை, எது எதைத் தின்னும், எது குட்டி போடும், எது முட்டையிடும் என்று எல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. செய்முறைப் பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகள் வந்து மொய்ப்பார்கள்.

"அக்கா, மேல் தட்டுல நாலாவது என்னக்கா?"

"அது கடல் அட்டை. வெள்ளரிக்கா மாதிரி இருக்கும். முதுகைப் பாத்து அட்டைப்பூச்சின்னு எழுதிப்புடாதீக."

விலங்கியல் பாடம் எடுத்த செல்லத்தாய் டீச்சருக்கு இது தெரியும். தடுத்ததில்லை, பாராட்டியதுமில்லை. கண்டிப்பான மனுஷி. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் பள்ளியே கதியென்று இருந்தார். மதுரைப் பள்ளிக்கூடங்களில் இருப்பது போல ஓர் அருங்காட்சியகம் இங்கேயும் வர வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

வருஷாவருஷம் மாசி மாதத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளை டீச்சர் மண்டபத்துக்குக் கூட்டிப்போவார். கடலோர உயிர்களை நேரில் பார்க்க மூன்று நாள் சுற்றுலா. ஜக்கம்மாளும் வருஷாவருஷம் கேட்பாள். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார் டீச்சர். இருக்கிற இடமெல்லாம் யாருக்காவது போய்விடும், கிளார்க் சம்சாரம், நிர்வாகி வீட்டுப் பெண் என்று. பிறந்ததிலிருந்து கிழக்கே மதுரையைத் தாண்டாதவள் அவள். சின்ன வயதில் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அம்மாவோடு பழம் எடுக்கப் போனபோது, தெளிவான நாளில் மேட்டில் நின்று, அந்தக் கடைசியில் வெளுப்பாகத் தெரிவதுதான் கடல் என்று யாரோ சொல்ல நம்பியிருக்கிறாள். அது வெறும் புழுதி மூட்டம் என்று பிறகு தெரிந்தது.

எண்பத்து நாலில், சமையலுக்கு வருவதாகச் சொன்ன அம்மாள் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டாள். டீச்சர் ஆய்வகத்துக்குள் வந்து, "ஜக்கம்மா, இருபத்தெட்டுப் பேருக்கு உன்னால சோறாக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் டீச்சர்."

"சரி. பார்மலின் கேனையும் எடுத்து வச்சுக்க. எதாவது கிடைச்சா கொண்டாரணும்."

இப்படித்தான் அவள் கடலுக்குப் போனாள்.

மண்டபத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கினார்கள். முதல் நாள் முழுக்க அவள் கடலைச் சரியாகப் பார்க்கவேயில்லை. காலைக்கு உப்புமா, மதியத்துக்குப் புளிச்சாதம், பாத்திரம் கழுவல். காற்று மட்டும் உப்பாக வந்து முகத்தில் ஒட்டியது. ரெண்டாம் நாள், வத்தை வைத்திருந்த ரெண்டு மீனவர்களை டீச்சர் பேசி வைத்திருந்தார். வத்தை என்றால் மூன்று பேர் உட்காரும் ஒடுக்கமான சின்னப் படகு. துடுப்புப் போட்டே முயல் தீவுப் பக்கம் போய்வரலாம். அந்தப் பக்கம் ஆழம் கம்மி, அடித்தரை தெரியும். பிள்ளைகள் முறை வைத்து ரெண்டு ரெண்டு பேராகப் போய்வந்தார்கள்.

மத்தியானம் தாண்டி, கடைசி முறையில் முத்துப்பேச்சி என்ற பிள்ளை கால் வைத்ததுமே வாந்தி எடுத்து இறங்கிவிட்டாள். அவளோடு போக வேண்டியவளும் பயந்துகொண்டு பின்வாங்கினாள். வத்தைக்காரர் நம்புச்சாமி, அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த ஜக்கம்மாளைப் பார்த்தார்.

"அக்கா, வத்த சும்மாதான் கிடக்கு. நீங்க வாரீகளா?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். மர நிழலில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்த டீச்சர் தலையை நிமிர்த்தாமல், "போய்ட்டு வெரசா வா. ராத்திரிச் சோறு இருக்கு" என்றார்.

சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினாள். வத்தை இடமும் வலமும் ஆடியது. நடுவில் முழங்கால் மடக்கி உட்காரச் சொன்னார் நம்புச்சாமி. கொஞ்ச தூரம் போனதும், சும்மா இருந்த இன்னொரு துடுப்பை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"போடுங்க. சோத்துக் கரண்டி பிடிக்கிற கைதானே."

முதலில் துடுப்பு தண்ணீரின் மேல்தோலைத்தான் சீவியது. முகமெல்லாம் உப்புத் தண்ணீர். அழுத்திப் போட்டால் வத்தை ஒரு பக்கமாகவே திரும்பி, செக்கு மாடு போலச் சுற்றியது. நம்புச்சாமி சிரிக்கவில்லை. பின்னாலிருந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அகலத்தை முழுக்க உள்ளே இறக்கணும், கையால் இழுக்கக் கூடாது, இடுப்பைத் திருப்பணும், எடுக்கும்போது சத்தம் வரக் கூடாது. அரைமணி நேரம் போனது. ஏதோ ஒரு தடவை அவள் இழுத்த இழுப்புக்கு வத்தை நேராக, வழுக்கிக்கொண்டு முன்னே போனது. அவளுக்கு நெஞ்சு விம்மியது. தன் கையால் ஒன்று தான் நினைத்த திசைக்குப் போவதை அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

குனிந்தால் கடலின் தரை தெரிந்தது. பச்சைப் புல் காடு காடாக ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவே வெள்ளை மணல் திட்டில் நட்சத்திர மீன் கிடந்தது. செக்கச் சிவப்பு. முனையெல்லாம் கறுப்புப் புள்ளி. அவள் ஆறு வருஷமாகத் துடைத்து வைத்தது அதைத்தான், ஆனால் இந்த நிறத்தை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அது ஒரு கையை மெல்ல மெல்லத் தூக்கி மடக்கியது.

"இது நடக்குமா அண்ணே?"

"நடக்காம? நாள் முழுக்க நடக்கும். நமக்குத்தான் பொறுமை இல்ல."

தலைக்கு மேலே ஆலாப் பறவைகள் ஒற்றையாக நின்று நின்று, கல் விழுவது போலத் தண்ணீருக்குள் பாய்ந்தன. தீவின் சேற்றுக் கரையில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக நின்றன. ஓர் ஆமை பக்கத்திலேயே தலை நீட்டி, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முங்கியது. ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் சொன்னாள். நம்புச்சாமி ஆச்சரியப்பட்டார். "டீச்சரம்மாவுக்குக்கூட இம்புட்டுத் தெரியாது போலயே" என்றார். அந்தப் பேச்சு அவளுக்குத் தித்தித்தது. அதுதான் அவளைக் கெடுத்தது என்று பிற்பாடு அவளே நினைத்துக்கொள்வாள்.

புல் அடர்த்தியாக இருந்த ஓரிடத்தில், கொட்டத்தில் மாடு பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் கேட்டது. ஜக்கம்மாள்தான் முதலில் திரும்பினாள். நாற்பது முழத்துக்கு அப்பால், எருமை முதுகு போல ஒன்று தண்ணீருக்கு மேலே வந்து மினுங்கியது. வகுப்பில் கேட்டது போலவே முதுகில் துடுப்பு இல்லை. முன்மூக்கு தட்டையாக, ரெண்டு ஓட்டையும் திறந்து மூடின. அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இன்னொரு மூக்கு, சின்னதாக, ஒரு கணம் கழித்து வந்து மூச்சு வாங்கியது.

"அந்தா, அந்தா. அண்ணே, கடற்பசு. கன்னுக்குட்டியோட நிக்குது."

நம்புச்சாமி துடுப்பை நிறுத்திவிட்டு, அவள் கை நீட்டிய பக்கம் பார்த்தார். "ஆவுளியா" என்று கடற்பசுவுக்குத் தங்கள் பக்கத்துப் பெயரை மெதுவாகச் சொன்னார். தாயும் குட்டியும் முங்கின. கொஞ்ச நேரத்தில் இன்னும் பக்கத்தில் எழுந்தன. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாலு தடவை மூச்சு வாங்கியதை எண்ணினாள். நம்புச்சாமி மட்டும் திரும்பித் திரும்பி, கரையில் தெரிந்த பனைகளையும் தீவின் முனையையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். திரும்பிப் போக வழி பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள்.

கரைக்கு வந்ததும் ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னாள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"கடற்பசுவா? இருக்காது. இப்பல்லாம் அது கண்ணுல படுறதே அபூர்வம். நானே பார்த்ததில்ல. ஓங்கில, அதான் டால்பினப் பார்த்திருப்ப."

"இல்ல டீச்சர். ஓங்கிலுக்கு முதுகுல துடுப்பு இருக்கும்ல. இதுக்கு இல்ல. மூக்கு முன்னால இருந்துச்சு. குட்டியோட..."

"ஜக்கம்மா, உலை வச்சுட்டியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். முத்துப்பேச்சியும் சிரித்தாள். ஜக்கம்மாள் அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள், அதற்கும் பேச்சு வாங்கினாள். இருந்தாலும் படுக்கும்போது அந்தப் பெருமூச்சுச் சத்தம் காதுக்குள் இருந்தது. யார் நம்பினால் என்ன, பார்த்தது தான்தானே என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலை, புறப்படும் முன்னால், கரையில் ஆள் கூட்டமாக இருப்பதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். டீச்சர் போக, பின்னாலேயே ஜக்கம்மாளும் போனாள். பனையோலைத் தட்டி மறைப்புக்குள் அது கிடந்தது. திருக்கை வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தது. மணலில் கிடந்தபோது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. ரெண்டு பேர் அரிவாளோடு பாதி வெட்டியிருந்தார்கள். வயிற்றுப் பக்கம் மணல் நனைந்து கறுத்திருந்தது. குட்டி தனியாக ஒரு சாக்கின் மேல், தோல் உலராமல், தூங்குவது போல இருந்தது.

நம்புச்சாமி அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"வாங்கக்கா. மூணு மாசமா இதத்தான் தேடிக்கிட்டிருந்தோம். நீங்க கை காட்டின நேரம். சாயந்தரமே போய் வலையப் பாச்சிட்டோம். கவர்மெண்டுல பிடிக்கக் கூடாதுங்கிறாக, அதான் இப்பிடி மறைவா. இந்தாங்க." பூவரச இலையில் பொதிந்த கறித் துண்டு ஒன்றை நீட்டினார். "வீட்டுக்குக் கொண்டுட்டுப் போங்க. மருந்து மாதிரி."

அவர் மனசில் களங்கமில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. அதனால்தான் திட்டக்கூட முடியவில்லை. "வேணாம்ண்ணே" என்று மட்டும் சொன்னாள். கை தானாகச் சேலையில் துடைத்துக்கொண்டது.

செல்லத்தாய் டீச்சர் குட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து ஜக்கம்மாள் பார்த்ததில்லை. நம்புச்சாமியிடம் ரெண்டு வார்த்தை பேசி அதைக் கேட்டு வாங்கிவிட்டார். பிறகு எழுந்து, அவளைப் பார்க்காமலே சொன்னார்: "நீ சொன்னது சரிதான் ஜக்கம்மா."

எட்டு வருஷத்தில் டீச்சர் அவளுக்குச் சொன்ன ஒரே பாராட்டு அதுதான்.

"கேனைக் கொண்டா. வெரசா. வெயில் ஏறினா தோல் போயிரும்."

ஜக்கம்மாள் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று வருஷக் கணக்காகப் பிறகு நினைத்தாள். அன்றைக்கு அவள் கால்கள் போயின, கேனைத் தூக்கி வந்தாள். டீச்சர் ஊசியில் பார்மலினை ஏற்றிக் கொடுக்க, எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தினாள். வயிற்றில், நெஞ்சில், வால் தொடங்கும் இடத்தில். அது சரியாகச் செய்யத் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். குட்டியின் வாயோரம் மெல்லிய மீசை முடிகள் இருந்தன. அதன் நாக்கில் ஒரு துணுக்குப் பச்சைப் புல் ஒட்டியிருந்தது. அதை அவள் விரலால் எடுத்தாள்.

சோறு வடிக்கும் பெரிய டிரம்மில் அதை வைத்து மூடி, பஸ்சின் கடைசி சீட்டில் ஏற்றினார்கள். ஆடாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஜக்கம்மாளை உட்காரவைத்தார்கள். ராமநாதபுரம், மானாமதுரை, மதுரை, தேனி என்று போடி வரைக்கும் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். முன்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். உசிலம்பட்டி தாண்டும்போது முத்துப்பேச்சி பின்னால் வந்து, "அக்கா, நேத்துச் சிரிச்சதுக்குத் தப்பா நினைக்காதீங்க" என்றாள். "போய் உக்காரு ஆத்தா, பஸ்சு ஆடுது" என்றாள் ஜக்கம்மாள்.

பள்ளியில் திருவிழாதான். தச்சரை வைத்துக் கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். தலைமையாசிரியை மாலை போடாத குறை. 'கரை ஒதுங்கியது' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டினார் டீச்சர். தமிழில் இருந்ததால் ஜக்கம்மாளால் படிக்க முடிந்தது. ஊரிலிருந்து ஏலக்காய் வியாபாரிகள் குடும்பத்தோடு வந்து பார்த்துப் போனார்கள். ஆளுக்கொரு தடவை அவளே பெட்டி மேல் போர்த்திய துணியை விலக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

ஆடி மாதம் கல்வி அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"அருமையா இருக்கே. எப்பிடிக் கிடைச்சது?"

"கரை ஒதுங்கிச்சு சார்" என்றார் டீச்சர். "நாங்க போன சமயத்துல."

அதிகாரி சும்மா ஒரு பேச்சுக்கு, பக்கத்தில் துணியோடு நின்றவளிடம் கேட்டார். "நீயும் போயிருந்தியாம்மா? பார்த்தியா?"

"பார்த்தேங்க" என்றாள் ஜக்கம்மாள். "உசுரோட பார்த்தேன், தாயும் பிள்ளையுமா. கரை ஒதுங்கலீங்க. வலை போட்டுக் கொன்னாங்க. இடத்தைக் காட்டிக் குடுத்தது நான்தாங்க."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்து நூலகம் பார்க்கலாமா என்று கேட்டார். குறிப்பேட்டில் ஆய்வகம் மிக நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "உனக்கு எதுக்கு ஜக்கம்மா இந்த வேலையெல்லாம்" என்று மட்டும் கேட்டார். எந்த வேலையைச் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவளைச் சத்துணவுக் கூடத்தில் உதவிக்குப் போட்டார்கள். ஆய்வகத்துக்கு வேறு ஒருத்தி வந்தாள். அவளுக்கு ஜாடி துடைக்கத் தெரியவில்லை, ரெண்டு மாதத்தில் மூன்றை உடைத்தாள். செய்முறைப் பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகள் சத்துணவுக் கூடத்துக்கு வந்து பார்த்தார்கள். "எனக்கு எல்லாம் மறந்துபோச்சு, போங்க" என்று அனுப்பிவிட்டாள். அப்புறம் யாரும் வரவில்லை.

எண்பத்தெட்டில், அரிசி களைந்துகொண்டிருந்த ஒரு காலையில் முத்துப்பேச்சி வந்தாள். சேலை கட்டியிருந்தாள். மதுரையில் விலங்கியல் பட்டம் முடித்து மேலே படிக்கிறாளாம்.

"அக்கா, எங்க காலேஜ்ல கடற்பசு எங்க எங்க மேயுதுன்னு கணக்கெடுக்கிறோம். அடுத்த மாசம் மண்டபம் போறோம். துடுப்புப் போட்டுத்தான் போகணும், இன்ஜின் சத்தம் ஆகாதுங்கிறாங்க. நீங்க அன்னைக்கு எந்த இடத்துல பார்த்தீங்கன்னு சொல்ல முடியுமா? தீவுக்கு எந்தப் பக்கம்?"

ஜக்கம்மாளுக்கு இடம் தெரியும். பனைகள் எந்தப் பக்கம் இருந்தன, தீவின் முனை எங்கே நின்றது, புல் எங்கே அடர்ந்திருந்தது என்று கண்ணை மூடினால் வரும். நம்புச்சாமி அளந்ததைவிட நன்றாகவே அவள் அளந்து வைத்திருந்தாள்.

"அந்தப் பேச்ச எங்கிட்டக் கேக்காத ஆத்தா."

"அதுகளக் காப்பாத்தத்தான் அக்கா கேக்கிறோம்."

"இருக்கட்டும். ஒரு தடவ சொன்னேன்."

முத்துப்பேச்சிக்கு முகம் வாடிவிட்டது. பழைய சிரிப்பை அக்கா இன்னும் மனசில் வைத்திருக்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதை மறுத்துச் சொல்ல ஜக்கம்மாளுக்கு வாய் வரவில்லை. டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பஸ்சுக்கு நேரமாச்சு என்று அந்தப் பிள்ளை கிளம்பிவிட்டாள். பிறகு மண்டபத்திலிருந்து ஒரு கார்டு போட்டிருந்தாள், பதினோரு நாள் சுற்றியும் ஒன்றையும் பார்க்கவில்லை என்று. ஜக்கம்மாள் அதைச் சத்துணவுக் கூடத்து அலமாரியில், பருப்பு டின்னுக்கு அடியில் வைத்தாள். பதில் போடவில்லை.